அந்த விறகை வெட்டியது யார்?

சூரியன் நின்ற கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் நானும் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் சூரியன் எந்த ஊருக்கு மேலே நின்றது, சண்டை யாருக்காக நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்பார்கள். ஊர் கிபியோன். எருசலேம் ராஜா அதோனிசேதேக் இன்னும் நாலு ராஜாக்களைச் சேர்த்துக்கொண்டு அந்த ஊரை வளைத்தான். ஊரார் ஆள்விட்டுக் கூப்பிட, யோசுவா கில்காலிலிருந்து ராத்திரி முழுக்க நடந்து வந்தான். அதிசயம் நம் ஞாபகத்தில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள்தான் காணாமல் போனார்கள்.

சரியாகச் சொன்னால், காணாமல் போகவில்லை. 'பொய்யர்கள்' என்ற பெயரில் பிரசங்கங்களில் உயிரோடு இருக்கிறார்கள். கிழிந்த சாக்கு, பொத்தல் தைத்த துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, பூசணம் பூத்த ரொட்டி எல்லாவற்றையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்று ஏமாற்றி உடன்படிக்கை வாங்கினவர்கள் இவர்கள். ஆண்டவரைக் கேட்காமல் முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும், சாத்தான் இப்படித்தான் வேஷம் போட்டு வருவான் என்று போதகர் முடிப்பார். சபை ஆமென் சொல்லும். சேரிச் சபையும் சொல்லும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள்? உபாகமம் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தூரத்து ஊர் என்றால் முதலில் சமாதானம் பேசலாம். பக்கத்து ஊர் என்றால் ஒருத்தரும் உயிரோடு மிஞ்சக் கூடாது. இதுதான் சட்டம். பக்கத்து ஊர்க்காரன் உண்மையைச் சொன்னால் சாவு, தூரத்து ஊர்க்காரன் என்று பொய் சொன்னால் உயிர். பொய்யைக் கேட்டு வாங்கியது அந்தச் சட்டம்தான். டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் போய், 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்ற கேள்விக்கு வேறு தெருவின் பேரைச் சொல்லிவிட்டு வந்த தோழர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களையும் சாத்தான் கணக்கிலா எழுதுவது? விசாரணையின்போது கிபியோனியர் ஒளிக்கவில்லை. உயிருக்குப் பயந்து செய்தோம் என்று நேராகச் சொன்னார்கள். இந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. ஆணையிட்டுவிட்டதால் கொல்ல முடியவில்லை, ஆகவே வேலை விதித்தார்கள். சபைக்கும் பலிபீடத்துக்கும் விறகு வெட்டணும், தண்ணீர் சுமக்கணும், தலைமுறை தலைமுறையாக. இதை எழுதினவன் தன் காலம்வரை அந்த ஏற்பாடு நீடித்ததையும் குறித்துவைத்திருக்கிறான்.

சாலொமோன் ஞானம் கேட்ட கதைக்கு வாருங்கள். ராஜா பெரிய மேடைக்குப் போய் ஆயிரம் சர்வாங்க தகனபலி செலுத்தினான், அன்று ராத்திரி சொப்பனத்தில் ஞானம் கிடைத்தது. அந்த மேடை இருந்த ஊர் எது தெரியுமா? அதே கிபியோன்! ஆயிரம் மிருகத்தைச் சாம்பலாக்க எவ்ளோ வெறகு வேணும்? கழுவிவிட எத்தனை கொடம் தண்ணி? யாரு வெட்டுனது, யாரு சொமந்தது? 1 இராஜாக்கள் 3 சொல்லவில்லை. யோசுவா 9 முன்னாடியே சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் தண்ணீர் வித்தை தெரிந்த ஊர் அது. எருசலேமுக்கு வடமேற்கே எல்-ஜிப் என்ற இடத்தில் 1956 முதல் 1962 வரை ஜேம்ஸ் பிரிச்சார்ட் தோண்டினார். கிபியோன் என்று பேர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. பாறையைக் குடைந்து, 79 படிகள் இறங்கித் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள்.

பின்னாளில் யூத மரபு, ஆலயத்தின் ஊழியக்காரரான நிதனீமியரை இந்தக் கிபியோனியரின் வம்சமாகவே பார்த்தது. பாபிலோனிலிருந்து திரும்பினவர்களை மிஷ்னா பத்து வகையாகப் பிரித்து அடுக்குகிறது. ஆசாரியரும் லேவியரும் இஸ்ரவேலரும் நிதனீமியரோடு கலியாணம் செய்யக்கூடாது என்கிறது. இதைத் தீண்டாமை என்று நான் சொல்லவில்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பிறப்பால் வேலை, வேலைக்கு மதத்தின் முத்திரை, கலியாணத்துக்குத் தடை என்று மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் நம் மூக்குக்கு அந்த வாடை தெரியாதா?

இன்னும் ஒன்று. சவுல் ராஜா இந்த மக்களைக் கொன்று குவித்தான். சவுலின் உயரம், பொறாமை, எந்தோரில் குறிசொல்லியைத் தேடிப்போனது எல்லாம் 1 சாமுவேலில் விலாவாரியாக இருக்கிறது. இந்தப் படுகொலைக்கு அதில் ஒரு வரி கிடையாது. தாவீது காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம் வந்து, நாட்டின் அடுப்பில் பூனை தூங்கின பிறகுதான் விஷயமே வெளியே வருகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான் ராஜா. வெள்ளியும் பொன்னும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, இஸ்ரவேலில் ஒருத்தனைக் கொல்லும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை என்கிறார்கள். நஷ்டஈட்டுக் காசோலையைத் திருப்பி அனுப்பின நம் ஊர் ஒன்று நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

அடுத்து அவர்கள் கேட்டது சவுல் வம்சத்தில் ஏழு பேரை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அந்தப் படுகொலையில் இந்த ஏழு பேருக்குப் பங்கு உண்டு என்று எங்கேயும் இல்லை. ரிஸ்பாள் பெற்ற இரண்டு பேர், சவுலின் மகள் பெற்ற ஐந்து பேர். ஏழு பேரையும் மலையில் தூக்கினார்கள். சவுல் வீட்டுப் போட்டி ஒழிந்தது யாருக்கு லாபம்? தாவீதுக்கு. ஒடுக்கப்பட்ட சனத்தையும் ஒரு மறுமனையாட்டியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ராஜா நடுவிலே நியாயாதிபதியாக உட்கார்ந்துகொண்டான். நம் பங்கை எடுத்தது பக்கத்துத் தெருக்காரன்தான் என்று நமக்குள்ளேயே மூட்டிவிடுகிற ராஜாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ரிஸ்பாள் வேதாகமம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாறையில் ரட்டை விரித்து உட்கார்ந்தாள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கின நாளிலிருந்து மழை விழுகிறவரை பகலில் பறவையையும் ராத்திரியில் மிருகத்தையும் அண்டவிடாமல் பிணங்களைக் காத்தாள். தன் பிள்ளைகள் ரெண்டு பேரை மட்டுமில்லை, ஏழு பேரையும். குற்றவாளியைக் கைது செய்கிறவரை பிணத்தை வாங்கமாட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த நம் தாய்மாருக்கு அவள் யாரென்று தெரியும். கடைசியில் ராஜா இறங்கிவந்து எலும்புகளை அடக்கம்பண்ண வேண்டியதாயிற்று. கவனித்துப் படியுங்கள் தோழர்களே, கர்த்தர் தேசத்துக்கு இரங்கினதாகச் சொல்லப்படுவது தூக்கின பிறகு அல்ல, அடக்கம் செய்த பிறகு.

1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு அடி எடுத்துக் கொடுத்தார். உபாகமம் 26இன் அறிக்கையை, அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தவர்களின் அறிக்கையை, நம்முடையதாக வாசிக்கச் சொன்னார். அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் இந்தத் தலையங்கமே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. மோசேயோடு செங்கடலைக் கடக்கிற நாம், யோர்தானைக் கடந்ததும் யாராக இருக்கிறோம்? அமெரிக்காவின் ஒசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இலேயே கானானியரின் பக்கம் நின்று இதைக் கேட்டுவிட்டார். புத்தகத்தைக் கொளுத்து என்கிற தோழர்களுக்கும், அப்படியே விழுங்கு என்கிற சபைக்கும் நடுவில் நான் சொல்வது இதுதான்: கிபியோனிலிருந்து வாசியுங்கள். விடுதலை பெற்றவன் அடுத்தவன் தலையில் குடத்தை ஏற்றுகிற இடத்தில் வாசிப்பை நிறுத்துங்கள். நம் இயக்கத்துக்குள் கூட்டம் முடிந்தபின் டம்ளர் கழுவுவது யார் என்பதும் இதில் அடங்கும்.

நெகேமியா 3ஆம் அதிகாரம் வெறும் பேர்ப்பட்டியல் என்று எல்லோரும் தள்ளிவிட்டுப் போவார்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் கட்டினவர்களின் பட்டியல் அது. தெக்கோவா ஊர்ப் பெரிய மனுஷர்கள் வேலைக்குக் கழுத்தை வளைக்கவில்லை என்று அதில் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஓரிரு வரியில் மெலதீயா என்ற கிபியோனியன் கல் அடுக்குகிறான். நிதனீமியரின் குடியிருப்பு ஓபேலில், தண்ணீர்வாசலுக்கு எதிரே.

ரிஸ்பாளைப் பற்றி அடுத்த இதழுக்குப் பெண் தோழர்கள் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததை இங்கே பாதிதான் சொல்லியிருக்கிறேன், மீதி உங்களுக்குத்தான் தெரியும். நோட்டுத் தாளில் கையால் எழுதினாலும் போதும், நாங்கள் அச்சுக்கோத்துக் கொள்கிறோம்.