துலக்குவதும் ஏற்றுவதும்

பழம்பொருள் சேகரிக்கும் நண்பர்களுக்கும் நமக்கும் இடையே இரண்டு மாதங்களாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வழக்குக்குக் காரணம் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவுகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் நடுவே கிடந்ததை ஒரு நண்பர் கண்டார். இன்னொருவர் கும்பகோணம் வரை கொணர்ந்தார். பாபநாசத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கு அது வந்து சேர்ந்தபோது கண்ணாடி இல்லை; பம்பு இறுகிக் கிடந்தது; நிக்கல் பூச்சு பாதிக்குமேல் போய்ப் பித்தளை வெளித் தெரிந்தது. தொட்டியில், ஜெர்மானிய முத்திரைக்குக் கீழே, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரின் உளியால் பொறித்த 7 என்ற எண். வாடகைக் கடை விளக்கு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நண்பர்களின் கட்சி இது: பள்ளங்களை நிமிர்த்தி, எண்ணைத் தேய்த்தெடுத்து, மறுபடி நிக்கல் பூசினால், பெர்லினில் ஏரிஹ் - கிரேட்ஸ் ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்ததுபோல் ஆகிவிடும். நம் கட்சி: எரியும்வரை செப்பனிடுவோம், எரிந்ததும் கையை எடுத்துவிடுவோம்.

செப்பனிடும் வேலையில் சண்டை எதுவும் இல்லை. பம்பின் தோல் வாஷர் காய்ந்து சருகாகியிருந்தது. புதுத்தோல் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டோம். பம்பின் அடியிலுள்ள வால்வு வழியே மண்ணெண்ணெய் மேலேறியது, அதையும் மாற்றினோம். தொட்டிக்குள் களிம்பு. புளிக்கரைசல் விட்டுக் குலுக்கி, பலமுறை அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். பிறகு காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். அழுத்தம் தாங்கும் உறுப்பு எதிலும் பழமைப் பற்று கூடாது. பற்றவைப்பு விட்டுப்போன தொட்டியில் காற்றேற்றி எரிப்பது மடமை. இதில் நண்பர்களுக்கும் நமக்கும் ஒரே கருத்துதான்.

இந்த விளக்கின் பொறியமைப்பு எண்ணிப் பார்க்கத் தக்கது. திரி கிடையாது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடேற்ற வேண்டும். காற்றழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் அங்கே ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே சீறி, காற்றோடு கலந்து மேண்டிலில் எரிகிறது. ஒருமுறை பற்றிக்கொண்டால் ஸ்பிரிட் வேண்டாம். தன் வெப்பத்தாலேயே தன் எண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும்.

மேண்டில் என்பதோ வெறும் சாம்பல் கூடு. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பார்த்தவர்களுக்கு அது தொட்டால் உதிரும் என்பது தெரியும். இன்றைய மாணவர்களுக்கு இவ்விளக்கைப் பற்றித் தெரிந்தது அந்த நகைச்சுவைக் காட்சி மட்டும்தான். துணிப்பையை உப்புக் கரைசலில் தோய்த்து எரித்தால் எஞ்சும் ஆக்சைடு கூடுதான் ஒளிர்கிறது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாஹ் 1885இல் மேண்டிலுக்கு உரிமம் பெற்றார். 1891இல் தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு என்ற கலவையைக் கண்டடைந்தார். அந்தத் தோரியத்துக்கு நம்மோடும் ஓர் உறவு உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்று அது திருவிதாங்கூர். 1956 முதல் தமிழகம். அம்மணல் மேண்டில் செய்வதற்காகவே கப்பலேறியது. ஜெர்மன் முத்திரையைத் தடவித் தடவி மகிழும் நண்பர்களுக்கு இதைச் சொன்னோம். அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. (தோரியம் கதிரியக்கமுடையது. ஆகவே பழைய மேண்டில் சாம்பலை ஊதித் தட்டாமல் ஈரத்துணியால் எடுத்தோம். இப்போது மாட்டியிருப்பது இட்ரியம் கலந்த புதுவகை.)

நிற்க. எண்ணைத் தேய்க்கக் கூடாது என்று நாம் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் வேறு. நம் சிறுவயதில், எண்பதுகளின் இறுதியில், மாப்பிள்ளை அழைப்பு என்றால் காருக்கு இருபுறமும் காஸ் லைட் வரிசை வரும். தூக்குபவர்கள் பெரும்பாலும் கூலிப் பெண்கள். நரிக்குறவப் பெண்களும் இருப்பார்கள். விளக்கின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் நிரப்பினால் மூன்றுக்கு மேல். உச்சந்தலைக்கு மேலே கனல், காதருகே சீறல், சும்மாட்டில் கசியும் எண்ணெய். நாயனக்காரர் ஒரு முச்சந்தியில் நின்று தோடியை விரித்தால், விரித்து முடிக்கும்வரை அவர்களும் நிற்க வேண்டும். சிறுவர்களாகிய எங்களைப் பெரியவர்கள் அந்த வரிசைக்கு அருகே விடமாட்டார்கள், சூட்டை மட்டும் எண்ணி அல்ல. நம் வீட்டு ஆல்பத்தில் ஓர் ஊர்வலப் படம் இருக்கிறது. மாப்பிள்ளை, மாலை, தவில் எல்லாம் துலக்கமாக விழுந்திருக்கின்றன. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல். அதைப் பிடித்த கை முழங்கை வரை. அதற்கப்பால் படம் முடிந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் மற்ற முகங்கள் தெரிகின்றன.

நம் விளக்கின் அடித்தட்டைத் திருப்பியபோது, மண்ணெண்ணெய்ப் பிசினில் ஒட்டிக் கறுத்த துணி இழைகள் இருந்தன. சும்மாட்டுத் துணியாக இருக்கலாம். வெறும் கந்தலாகவும் இருக்கலாம். ஏழாம் எண்ணைச் சுமந்தவர் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இராது. நிக்கல் பட்டறைக்கு அனுப்பினால் முதலில் போவது அந்த இழையும் அந்த எண்ணும்தான்.

'அழுக்கைப் போற்றுவது ஓர் இலக்கிய நோய்' என்று ஒரு நண்பர் நம்மைக் கேலி செய்தார். அதில் ஓரளவு உண்மை இருப்பதால் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிதோறும் புளியிட்டுத் துலக்கியே மெருகும் வேலைப்பாடும் தேய்ந்துபோன நாச்சியார்கோயில் குத்துவிளக்கு அவர் வீட்டுப் பூசையறையில் இருக்கிறது. அதைப் புதிதாக்க அவருக்கு மனம் வருமா என்று கேட்டோம். அது பாட்டியுடையது என்றார்.

சென்ற வாரம் விளக்கை ஏற்றினோம். நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வெளியே அலைந்து வாங்க நேர்ந்தது. முதல் முறை ஸ்பிரிட் போதாமல் தீ குபுகுபுவென்று எழுந்து மேண்டில் கரி பிடித்தது. இரண்டாம் முறை, நீலம் மெல்ல வெளுத்து, தெரு எதிர்வீட்டுச் சுவர்வரை வெளிச்சம் போய் விழுந்தது. எரியும்போதே படமெடுத்து, எண் தெரியும் பக்கமாக நண்பர்களுக்கு அனுப்பினோம். பின்னால் கறுப்புத் துணி கட்டியிருக்கலாமே என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.