வைஃபை இலவசம்தான், ஓடிபி வந்தால்தானே!

தெமியாங் வட்டாரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து தமிழ்நாட்டுக்குப் போய் வருபவர்கள் பலர். குலதெய்வக் கோயில், கல்யாணச் சேலை, சொந்தபந்தம் எனக் காரணங்களுக்குக் குறைவில்லை. சிப்பாங்கிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் உண்டு. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சிக்கல், இறங்கிய பிறகுதான்.

அழைத்துப் போக வந்தவர் பொதுவாக முனையத்துக்கு வெளியேதான் நிற்பார். அவரிடம் பேச வாட்ஸ்அப் வேண்டும். அதற்கு இணையம் வேண்டும். ‘இலவச வைஃபை’ பலகையைப் பார்த்து இணைத்தால், கைப்பேசி எண்ணைக் கேட்கிறது. குறுந்தகவலில் வரும் ஓடிபி எண்ணைப் பதிந்தால்தான் இணையம். ரோமிங் திறக்கப்படாத மலேசிய சிம்முக்கு அந்தக் குறுந்தகவல் வராது. உள்ளூர் சிம் இல்லாதவருக்குத்தான் வைஃபை அவசியம். அவருக்கே கதவு மூடியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டது தெரியவந்தது. 2009 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையைப் பயன்படுத்துபவரின் அடையாளம் பதிவாக வேண்டும் என உத்தரவிட்டது.

அந்த உத்தரவு இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று, புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணத்தின் நகல். மற்றொன்று, கைப்பேசிக்கு வரும் குறுந்தகவல். ஆள் வைத்துப் பார்க்கத் தேவையில்லாத இரண்டாவது வழியே பரவலாக நிலைத்துவிட்டது. வெளிநாட்டுப் பயணியிடம் கடப்பிதழைவிட உறுதியான அடையாளம் எது? குடிநுழைவுப் பகுதியில் அதைத்தானே சோதிக்கிறார்கள்! வந்திறங்கும் கூடத்திலேயே கடப்பிதழைக் காட்டி வைஃபை பெறும் வசதி எல்லா அனைத்துலக முனையங்களிலும் இருக்க வேண்டும். 2024-இல் புதிய முனையம் கண்ட திருச்சிக்கு இது பெரிய செலவாகாது.

அதுவரை நாம்தான் முன்னேற்பாடாக இருக்க வேண்டும். புறப்படும் முன்பே தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டு, அழைப்புக்கும் குறுந்தகவலுக்கும் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். கட்டணத்துக்குப் பயந்தால் டேட்டா ரோமிங்கை மட்டும் அடைத்து வைக்கலாம். விசா, விமானச் சீட்டு, தங்குமிட முகவரி ஆகியவற்றை அச்செடுத்து வைப்பது நல்லது. பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்று: இணையம் கிடைக்காத அவசரத்தில் முனையத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். பயணச்சீட்டு இல்லாமல் மீண்டும் உள்ளே போவது கடினம். தனியாகப் பயணம் செய்யும் அம்மா, அப்பாவின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ, அழைக்க வருபவரின் எண்ணை +91 சேர்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும், அந்தத் துண்டுக் காகிதத்தைக் காட்டிப் பக்கத்தில் நிற்பவரிடம் ஓர் அழைப்பு உதவி கேட்கலாம்.