கிராமத்துக்குத் திரும்பாத ஆய்வேடுகள்

நமது பல்கலைக்கழகங்களில் கல்வியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு எழுதுகின்றனர். அதன் தலைப்புகளை வாசகர்கள் அறிவார்கள். மாணவர் இடைவிலகலுக்கான காரணங்கள். கற்றல் அடைவில் குடும்பப் பொருளாதாரத்தின் செல்வாக்கு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் பெற்றோர் மனப்பாங்கும். பாடசாலையின் பெயரையும் வலயத்தின் பெயரையும் மாற்றிவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். தடித்த அட்டை கட்டிப் பொன்னெழுத்துப் பொறித்து ஒப்படைக்கிறார்கள். புள்ளி கிடைக்கிறது, பட்டமும் கிடைக்கிறது. அட்டையில் எந்த ஊரின் பெயர் உள்ளதோ, அந்த ஊர் மட்டும் அதனைக் கண்ணாலும் காண்பதில்லை.

இதனைச் சிறு குறையென்று கடந்துபோக நான் ஆயத்தமாக இல்லை.

களுதாவளையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வீதியில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஊர். பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலையாலும் பெயர்பெற்றது. மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீர் இறைத்துப் பயிர் செய்யும் உழைப்பாளிகளின் ஊர். கல்வி நிர்வாகத்தில் பட்டிருப்பு வலயத்துக்கு உட்பட்டது.

இவ்வூர்ப் பாடசாலையை ஆய்வுக்களமாகக் கொண்டு, வந்தாறுமூலையிலிருந்தோ வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒரு மாணவி வருகிறாள் என வைத்துக்கொள்வோம். வழமை என்ன? நூறு வினாக்கொத்துகளைப் பிரதியெடுப்பாள். அதிபர் அவற்றை வகுப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பார். “உமது கல்வியில் பெற்றோர் அக்கறை காட்டுகின்றனரா? ஆம், ஓரளவு, இல்லை.” பாடவேளை முடிவதற்குள் பிள்ளைகள் அடையாளமிட்டுக் கொடுத்துவிடுவர். பிறகு நூற்றுவீதம், அட்டவணை, வட்ட வரைபு. கடைசி அத்தியாயத்தில் ஒரு விதந்துரைப்பு: பெற்றோருக்கு விழிப்புணர்வூட்ட வேண்டும். யார் ஊட்டுவது, எப்போது ஊட்டுவது என்பதற்கு விடை கிடையாது. விடியற்காலையில் வெற்றிலைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் தகப்பனிடம் ஒரு கேள்வியேனும் கேளாமல், அவருக்கு விழிப்பில்லை என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

அதே பாடசாலையின் அலுமாரியில் வரவு இடாப்புகள் இருக்கின்றன. நாள்தோறும் ஆசிரியர் கைப்பட எழுதியவை. ஓராண்டு இடாப்பை எடுத்து, பிள்ளைகள் வராத நாட்களை வெற்றிலை பறித்துக் கட்டும் நாட்களோடும், கோயில் திருவிழாவோடும், மாரி மழையோடும் ஒப்பிட்டால் என்ன? தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதுவாயினும் அது நாம் முன்பு அறிந்திராத செய்தி. 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2020இன் கொள்ளைநோய்க் கால மூடல், 2022இன் பொருளாதார வீழ்ச்சி ஆகிய ஒவ்வொன்றின் பின்னரும் எத்தனை பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர் என்பதைப் பழைய இடாப்புகளில் தேடலாம். வெற்றிலைச் செய்கை பற்றித் தந்தையர் அறிந்துவைத்திருப்பதற்கும் பிள்ளைகளின் விவசாயப் பாடநூலுக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம். இவையெல்லாம் கல்வியியல் ஆய்வுகளே. இவற்றுக்குக் கைவர்க்கப் பரிசோதனை தேவையில்லை. பொறுமையும் நடக்கக் கால்களும் போதும்.

கட்டாயக் கல்வி வயதெல்லையை 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 14 என வகுத்தன. 2016இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினைந்து வயதுச் சிறுவன் இன்று ஏன் வரவில்லை என்பதை வர்த்தமானி கண்டறியாது. வீட்டுக்குச் சென்று, பாயில் அமர்ந்து, தாயோடு பேசுகிற மாணவி கண்டறிவாள்.

இளங்கலை மாணவருக்கு ஆய்வு எதற்கு, நிறுத்திவிடலாமே என்று சொல்வோர் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பின்னர் இக்குரல் உரத்துக் கேட்கிறது. இடைவிலகலுக்கான காரணங்களைச் சில நிமிடங்களில் அத்தியாயம் அத்தியாயமாகச் செயலி எழுதித் தருமாம். தரட்டும். இயந்திரம் எழுதிவிடக்கூடிய ஆய்வேட்டையே நாம் இத்தனை காலமும் மாணவரிடம் கேட்டு வந்தோம் என்பதல்லவா இதன் பொருள்? களுதாவளையின் வரவு இடாப்பை எந்தச் செயலியும் புரட்டிப் பார்த்ததில்லை. நிறுத்த வேண்டியது பழைய வார்ப்பைத்தான்.

மாணவரை மாத்திரம் குற்றஞ்சாட்டுவதில் நியாயமில்லை. தலைப்பை அங்கீகரிப்பவர் விரிவுரையாளர். பக்க எண்ணிக்கையையும் மேற்கோள் ஒழுங்கையும் கவனமாகத் திருத்துகிறவர், “ஊருக்கு எத்தனை தடவை போனீர்?” என்று கேட்பதில்லை. கேட்டால் தானும் ஒருமுறை போகவேண்டி வரும்.

தமிழில் இதற்கொரு பழைய மரபு உண்டு. நூல் எழுதியவர் அதனைச் சபையில் அரங்கேற்ற வேண்டும். கேட்போர் வினவுவர், எழுதியவர் விடையிறுக்க வேண்டும். இதே கிழக்கு மண்ணின் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. நாடறிந்த பேராசிரியரே தமது ஆராய்ச்சியைச் சபைமுன் வைத்தார். நமது பட்டதாரிகளுக்கு மட்டும் இரண்டு பரீட்சகர் போதுமா?

ஆகவே என் கோரிக்கை எளியது. ஆய்வேட்டின் ஒரு பிரதி அந்தப் பாடசாலை நூலகத்துக்குச் செல்ல வேண்டும். அதன் சாரத்தை மாணவி பாடசாலை மண்டபத்தில், அதிபர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில், அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையின் பெயரும் வெளிப்படலாகாது. ஊரார் கேட்கும் கேள்விகளையும் மறுப்புகளையும் இறுதி அத்தியாயமாகச் சேர்த்த பின்னரே புள்ளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. ஒரு துறைத் தலைவர் மனம் வைத்தால் அடுத்த ஆண்டே தொடங்கலாம்.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, பட்டம் பெறுவோருக்கு மாத்திரமே இலவசம். சீனியும் மாவும் வாங்கும்போதெல்லாம் வரி செலுத்தும் வெற்றிலைத் தோட்டக்காரர் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். தம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டது என்னவென்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் முன் எழுந்து நின்று வாசிக்கக் கூசும் ஆய்வேட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு புள்ளி வழங்குகிறது?