சிவப்பு மணிகளும் சிவப்பு மையும்

நம் இலக்கியச் சூழலில் எண் என்றாலே ஒரு முகச்சுளிப்பு. தொழிற்சாலையைப் பற்றி எழுத நேர்ந்தால் சங்கு, புகை, மனிதனை எண்ணாக்கும் மேலாளர் என்று மூன்று படிமங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. அண்மையில் நண்பர்களிடையே நடந்த விவாதத்தில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. தொழிலாளியை வேவு பார்க்க முதலாளி கண்டுபிடித்த இன்னொரு கண்ணாம் அது. இதை நான் முற்றாக மறுக்கிறேன். அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலான வழக்குகளில் தொழிலாளி விடுதலையாகிவிடுவான். கணக்கைப் போடாமலே அதன் பெயரை மட்டும் மாட்டிவைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆரணியில் (பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல, பெரியபாளையத்தை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி) விடியுமுன் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களில் என் பழைய மாணவர்களும் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். இளங்கலைத் தமிழ் படித்த ஒருவன் சொன்னான்: அவன் வேலை செய்யும் இடத்தில் வாரந்தோறும் ஒரு பலகை எழுதப்படும். யாருடைய இயந்திரத்தில் ரிஜெக்ட் அதிகமோ அவர் பெயர் சிவப்பு மையில். மூன்று முறை ஏறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பலகையின் தலைப்பு 'தரக்கட்டுப்பாடு'. அவன் பெயர் இரண்டு முறை ஏறியிருந்தது.

அந்தத் தலைப்பு ஒரு மோசடி. 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் சொல்வது மிக எளிமையானது. எந்த வேலையிலும் விளைவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். சராசரிக்கு இருபுறமும் மும்மடங்குத் திட்டவிலக்கத் தொலைவில் இரண்டு கோடுகள் இழுக்கிறோம். கோடுகளுக்குள் விழும் ஏற்ற இறக்கம் அந்த ஏற்பாட்டின் இயல்பு; அதற்கு எந்தத் தனிமனிதனும் பொறுப்பல்ல. வெளியே விழுந்தால் மட்டுமே தனிக் காரணம் தேட வேண்டும்: தேய்ந்த வெட்டுளியா, மட்டமான இரும்பா, பழகாத கையா என்று.

எட்வர்ட்ஸ் டெமிங் இதை நாடகமாகவே நடத்திக் காட்டினார். ஒரு பெட்டியில் 3200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். ஐம்பது குழிகள் கொண்ட ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு 'தொழிலாளி' மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு என்றால் பழுது. குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டு, அதிகமாக அள்ளியவருக்கு எச்சரிக்கை, பிறகு வேலைநீக்கம். பார்வையாளர்கள் சிரிப்பார்கள். சராசரி பத்து, எல்லைகளைக் கணக்கிட்டால் 2 சிவப்பும் வரலாம், 18 சிவப்பும் வரலாம். கை ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். சிவப்பு மணிகளை வாங்கிப் போட்டவர் நிர்வாகி. கும்மிடிப்பூண்டிப் பலகையில் இதே நாடகம் சிரிப்பில்லாமல் நடக்கிறது.

அறியாமை என்று சாக்குச் சொல்ல முடியாது. மகாலனோபிஸ் அழைத்து ஷூஹார்ட்டே 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து போனார். ஜப்பானின் டெமிங் பரிசை முதன்முதலில் பெற்ற இந்திய நிறுவனம், 1998-இல், இதே சென்னையின் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அதே டெமிங்தான் தம் பதினான்கு நெறிகளில் அச்சத்தை விரட்டு என்றார்; தொழிலாளியை நோக்கிய கோஷங்களையும் எண் இலக்குகளையும் கைவிடு என்றார். நம் ஆலை வாசல்களில் 'பழுதற்ற உற்பத்தி' என்று ஆளுயர எழுத்தில் எழுதிவைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் விட்டார்கள் போலும்.

அலட்சியமான தொழிலாளியே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அவன் புள்ளி தொடர்ந்து கோட்டுக்கு வெளியே விழும், அப்போது பேசலாம். (சங்கப்பலகையைத் தரக்கட்டுப்பாட்டின் முன்னோடி என்று புல்லரிக்கும் தமிழன்பர்களுக்கு: தகுதியற்றவருக்கு இடம் தராது என்ற அந்தப் பலகை ஆளைத்தான் தீர்ப்பிட்டது. ஷூஹார்ட்டின் வரைபடம் முதலில் ஏற்பாட்டைத் தீர்ப்பிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.)

ஆகவே எண்ணைத் திட்டும் கவிதைகளைச் சற்று நிறுத்திவையுங்கள். அந்தப் பலகையில் எண்கள் மிகுதி என்பதல்ல என் புகார், போதவில்லை என்பதுதான். கடந்த இருபது வாரங்களின் ரிஜெக்ட் கணக்கு, சராசரிக் கோடு, இரண்டு எல்லைக்கோடுகள், இரும்பு எந்தச் சரக்கிலிருந்து வந்தது, இயந்திரம் கடைசியாக எந்தத் தேதியில் பராமரிக்கப்பட்டது, இவ்வளவையும் பெயர்களுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். அதன் பிறகு சிவப்பு மையை யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.