பாட்டியின் கீரையும் பேத்தியின் மாத்திரையும்

வத்தலக்குண்டு என்றதும் நமக்கு ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் நினைவுக்கு வருவர். அதற்கு அருகிலுள்ள சேவுகம்பட்டியை அறிந்தோர், தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழாவால் அறிந்திருப்பர். பழம் வானில் பறக்கும் அவ்வூரைச் சூழ்ந்த நிலக்கோட்டை வட்டாரத்தில்தான், பெண்கள் விடியுமுன்னே மல்லிகை பறிக்கத் தோட்டம் இறங்குகிறார்கள். அவர்களுள் கருவுற்றவளுக்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அதைக் கண்டால் நம் இலக்கிய நண்பர் சிலருக்குக் கசக்கிறது. "நம் பாட்டிகள் மாத்திரையா விழுங்கினார்கள்? முருங்கைக்கீரை இருக்க மருந்துக் கம்பெனி எதற்கு?" என்கிறார்கள்.

பாட்டிகள் விழுங்கவில்லை, மெய்தான். பிள்ளைப்பேற்றில் மாண்ட பாட்டிகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அல்லவா அது வாதமாகும்? 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய வந்தார். நம் குன்னூரிலும் ஆய்வு செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்து அவர்களைத் தேற்ற முடியுமென 1931இல் எழுதினார். அச்சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னரே தெரியவந்தது. இன்றைய மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு அதுவும் சேர்ந்திருக்கிறது. ஆகவே இது வெறும் வணிகச் சூழ்ச்சியன்று. நம் மண்ணின் பெண்களிடமிருந்தே கற்ற பாடமும் அதில் அடக்கம்.

கீரையை நாம் இகழவில்லை. ஆனால் கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்கும். மாதக்கணக்கில் வற்றிய உடலைப் பிரசவத்துக்கு எஞ்சிய சில வாரங்களில் கீரை மட்டும் நிரப்பாது.

அதே மூச்சில் அரசையும் கேட்போம். 1970 முதல் மாத்திரை வழங்கும் நாட்டில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்துப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்கு, எத்தனை உடலில் சேர்ந்தது என்பதற்கு விடையாகுமா? குமட்டும், மலம் கறுக்கும், அஞ்ச வேண்டாம் என்று எடுத்துச் சொன்னவர் யார்? காப்பியோடு விழுங்கினால் பயன் குறையும், எலுமிச்சைச் சாற்றோடு கூடும் என்று சொன்னவர் யார்? நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கிறது. முட்டையும் காய்கறியும் அவள் கூலியில்தான் வாங்கவேண்டும்.

வீட்டையும் விடுவதற்கில்லை. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பவளை நாம் 'தாய்மை' என்று கதைகளில் போற்றினோம். அத்தியாகத்தின் பெயர் மருத்துவத்தில் சோகை.

மாத்திரை இன்றைக்கு, சோறும் குழம்பும் முட்டையும் என்றைக்கும். இரண்டும் அவளுக்கு உரியவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர், அரசானாலும் நம் அருமை நண்பரானாலும், பசியறியாதவர் என்றே கொள்வோம்.