மூணாறில் ‘தொழில்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஒரு நிறுவனம் தன் தொழிலை விரிவாக வரையறுத்துக்கொண்டால்தான் காலமாற்றத்தைத் தாங்கும் என்பது மேலாண்மைத் துறையின் பழைய பாடம். 1960இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் தியோடர் லெவிட் எழுதிய கட்டுரை இதற்கு மூலம். அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தம் தொழில் ரயில் ஓட்டுவது என்று எண்ணின. மக்களையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பதே தொழில் என்று கருதியிருந்தால், காரிடமும் லாரியிடமும் விமானத்திடமும் வாடிக்கையாளரை இழந்திருக்கமாட்டா என்பது அவர் வாதம். வகுப்பறைகளில் இன்றும் இது மறுப்பின்றி ஒப்பிக்கப்படுகிறது. இப்பாடத்தை உரசிப் பார்க்க இடுக்கி மாவட்டத்து மூணாறைவிடப் பொருத்தமான இடம் அரிது.

கண்ணன் தேவன் மலைகளின் வரலாறே தொழில் மாறிய வரலாறுதான். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இம்மலைகளைப் பெற்றார். தொடக்ககாலத் தோட்டக்காரர்கள் சின்கோனாவையும் காப்பியையும் பயிரிட்டுப் பார்த்தனர். தேயிலை பின்னரே நிலைபெற்றது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஓடிய சிறு ரயிலை 1924 பெருவெள்ளம் அடித்துச் சென்றது. பாதை மீண்டும் போடப்படவில்லை; ரோப்வேயும் சாலையும் அதன் வேலையை ஏற்றன. ரயில் போனதால் கம்பெனி போய்விடவில்லை. தேயிலையைக் கீழே இறக்குவதே தன் வேலை, ரயில் அதற்கொரு வழி மட்டுமே என்பதை அது அறிந்திருந்தது. லெவிட் எழுதுவதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே மூணாறு அவர் பாடத்தைக் கற்றிருந்தது எனலாம்.

அடுத்த திருப்பம் இன்னும் பெரியது. 2000இல் டாட்டா டீ பிரிட்டனின் டெட்லி நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் நட்டம் காட்டிய காலம் அது. 2005இல் மூணாறுத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பை, ஊழியர்கள் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. பின்னர் 2010இல் டாட்டா குளோபல் பிவரேஜஸ், 2020இல் டாட்டா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் என்று பெயர் மாறியது. தேயிலை, பானம், நுகர்பொருள்: ஒவ்வொரு பெயரும் முந்தையதைவிட அகலமானது. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ‘கண்ணன் தேவன்’ என்ற வணிகப்பெயர் மலையைவிட்டு இறங்கிய நிறுவனத்திடமே இருக்கிறது. மலையில் இருக்கும் கம்பெனி ‘ரிப்பிள்’ என்ற பெயரில் தேயிலை விற்கிறது.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று துணைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் முதலாளி செய்வதற்கும் கூலிக்காரர் செய்வதற்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டும் தொழில்தான். தொழிலதிபரும் தொழிலாளியும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். எனவே ‘தொழிலை விரிவாக வரையறு’ என்று தமிழில் சொன்னவுடன், யாருடைய தொழிலை என்ற கேள்வி தானாக எழுகிறது. நிறுவனத்தின் தொழில் இலையிலிருந்து பானத்துக்கும், பானத்திலிருந்து நுகர்பொருளுக்கும் விரிந்தது. தமிழ் பேசும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தொழிலோ, நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்குக்குள்ளேயே நின்றது.

2015 செப்டம்பரில் அந்தக் கணக்கு வெடித்தது. முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று அறியப்பட்ட அப்போராட்டம் ஒன்பது நாள்களில் 20 விழுக்காட்டை மீட்டது. 232 ரூபாயாக இருந்த நாள்கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பெண்களில் பலர் காகிதத்தில் அக்கம்பெனியின் பங்குதாரர்கள். உரிமையாளர் தம் நிறுவனத்துக்கு எதிராகவே சாலையில் அமர நேர்ந்ததெனில், பங்குப் பத்திரம் அவர்களுடைய தொழிலின் வரையறையைச் சிறிதும் மாற்றவில்லை என்றே பொருள்.

டாட்டாவின் வெளியேற்றத்தை வெறும் கைகழுவல் என்பது நியாயமாகாது. அதே மாவட்டத்தில் பீர்மேட்டில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டு, தொழிலாளர் கூலியின்றித் தவித்தனர். அதனோடு ஒப்பிட்டால் மூணாறு பிழைத்தது. ஆனால் பிழைப்பதும் மாறுவதும் ஒன்றல்ல.

மாறுவதற்குத் தடையாக இரண்டு சுவர்கள் நிற்கின்றன. ஒன்று சட்டம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. நிலம் தோட்டமாக இருக்கும்வரைதான் அவ்விலக்கு. சுற்றுலா போன்ற பிற பயன்பாடுகளுக்கு 5 விழுக்காடு வரை இடமளிக்கும் திருத்தம் 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கட்டுப்பாடு காரணமற்றதன்று. அது தளர்ந்தால் மலை முழுவதும் விடுதியாகிவிடும்.

இரண்டாவது சுவர் லயம். வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையை விட்டாலோ ஓய்வு பெற்றாலோ வீடும் போகும். ஆகவே வேறு தொழிலைக் கற்பது ஒரு குடும்பத்துக்குக் கூரையை இழக்கும் துணிச்சலாகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேரை விழுங்கியபோது, அவர்கள் அந்தச் சரிவில் ஏன் வசித்தார்கள் என்ற கேள்விக்கு வேலை என்பதைத் தவிர வேறு விடையில்லை.

லெவிட்டின் பாடம் தவறன்று. அது பாதிப் பாடம். வரையறையை விரிப்பவர், அந்த விரிவுக்குள் யாரெல்லாம் இடம்பெறுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூணாறில் அதன் முதற்படி, வீட்டுரிமையை வேலையிலிருந்து பிரிப்பது. அடுத்தது, அந்த 5 விழுக்காட்டில் எழும் ஒவ்வொரு புதிய முயற்சியிலும் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் பங்கும் உறுதிசெய்வது. மூன்றாவது, பங்குதாரரான தொழிலாளிக்குக் கம்பெனியின் முடிவுகளில் உண்மையான குரல் தருவது. இவையின்றி விரியும் தொழில், தொழிலதிபருக்கு மட்டுமே விரியும்.