கீழே போட்டீங்களா?

சின்ன டிஜிட்டல் கேமராவை ரிப்பேருக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வி: "கீழே போட்டீங்களா?" அடுத்தது: "பீச்சுக்குக் கொண்டுபோனீங்களா?" ஆக, தப்பு எப்போதும் வாங்கியவர் மேல்தான். செய்தவர் மேல் தப்பே இருக்காதா?

அந்த லென்ஸ் எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று குழாய்கள். சுவரில் திருகு மாதிரி வெட்டிய பள்ளம், அதில் ஓடும் குட்டி முளைகள். இழுப்பதற்கு ஒரு சின்ன மோட்டார், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். குழாய்கள் நகர இடைவெளி வேண்டும்; அந்த இடைவெளியில் மணல் நுழையும். ஒரு துகள் சிக்கினால் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். 2000களில் கேனான் பவர்ஷாட் திரையில் வந்த "ஈ18" இந்த வியாதியின் பெயர்தான். பைக்குள் பவர் பட்டன் தானாக அழுந்தினாலும் போச்சு, வெளியே வர இடமில்லாமல் மோட்டார் முட்டி மோதும்.

சட்டைப்பையில் போடத்தான் இதை விற்கிறார்கள். சட்டைப்பையில் தூசி இருக்கும் என்று தெரியாதா என்ன?

வேறு வழி இல்லையா? இருந்தது! 2002-லேயே மினோல்டா டிமாஜ் எக்ஸ் வந்தது. பிரிசம் வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, ஜூம் முழுவதையும் உடம்புக்குள்ளேயே அடக்கினார்கள். வெளியே எதுவும் நீளாது. 2019-ல் வந்த ஹுவாவே பி30 ப்ரோ போனின் பெரிஸ்கோப் ஜூமும் இதே யோசனைதான். இந்த முறையில் பெரிய லென்ஸ் வைக்க முடியாது, வெளிச்சம் குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வெளிச்சமா, ஆயுளா என்று முடிவு செய்ய வேண்டியது காசு கொடுப்பவர் அல்லவா?

2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2-க்கு ஷட்டர் 1,50,000 தடவை தாங்கும் என்று எண்ணோடு சொன்னார்கள். சின்ன கேமராவின் லென்ஸ் எத்தனை தடவை நீளும் என்று பெட்டியில் அச்சிடும் வழக்கமே இல்லை. இன்று பழைய காம்பாக்ட் கேமராக்களைத் தேடி வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் இந்த எண் தெரியாமலேயே காசைக் கொட்டுகிறார்கள். லென்ஸ் சிக்கினால் பெரும்பாலும் மொத்த லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும். பழைய கேமராவுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

தேய்மானக் கணக்குப் போட முதலில் வேண்டியது பொருளின் ஆயுள். அதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, "கீழே போட்டீங்களா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?